கடாரத்துக்கு ஒரு வாகனம்

ஸ்ரீரங்கத்தில் வாகனங்களுக்குப் பஞ்சமில்லை. ஹம்ஸ வாகனம், யாளி வாகனம், கருட வாகனம், யானை வாகனம், குதிரை வாகனம் என்று நம்பெருமாளுக்கு எத்தனையோ இருக்கின்றன. எந்தத் திருநாளில் எந்த வாகனம் என்பதை முன்னோர்கள் தீர்மானித்து வைத்துவிட்டபடியால், அதைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை, விவாதமும் எழுவதில்லை. மனிதர்களுடைய வாகன விஷயம் அப்படியல்ல என்பதை நாம் நன்றாக உணர்ந்தது 2023-ம் வருஷம் ஆடிப் பெருக்குக்கு மறுநாள்.

முதல் நாள் கூட்டம் காவிரிக்கு ஸமர்ப்பித்த பூவும் காதோலை கருகமணியும் அம்மா மண்டபத்துப் படிகளில் இன்னும் ஒதுங்கிக் கிடந்தன. நாம் ஸ்நானத்தை முடித்துக்கொண்டு படியேறுகையில், நம்முடைய பழைய சிநேகிதர் ஒருவரின் மனைவியார் எதிரே வந்து நின்றார். வடக்குச் சித்திரை வீதியில் அவர்களுக்கு ஜாகை. சிநேகிதர் பொன்மலை ரயில்வேத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை, ஆறு வருஷமாகச் சிங்கப்பூரில் எஞ்சினீயர் உத்தியோகம்.

"உங்களைத் தேடிக்கொண்டுதான் வந்தேன். பிள்ளை மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறானாம்" என்றார் அந்த அம்மாள்.

"வாங்கட்டுமே, மன்னி!"

"கடைக்குப் போய்வருகிற மோட்டார் சைக்கிள் இல்லை. தேசம் விட்டுத் தேசம் போகிறதற்காம். வேண்டாம் என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்."

"அவனுடைய அப்பா சொல்லக் கூடாதா?"

"அவர் எதற்கும் வாய் திறக்கிறதில்லையே! நீங்கள் உங்கள் காலைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்பான்."

நம்முடைய காலைப் பற்றி நேயர்களுக்கும் இந்த இடத்தில் சொல்லிவிடுவதே உசிதம். 1984-ல் புதுக்கோட்டையில் ஒரு கலியாணத்துக்காக நாம் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். யந்திரம் நம்முடையதல்ல, மேற்படி சிநேகிதருடையது. கீரனூருக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் இளைப்பாறுவதற்காக நிறுத்தினோம். இரவெல்லாம் மழை பெய்து மண் ஊறிப் போயிருந்ததை நாம் கவனிக்கவில்லை. தாங்கு கம்பி மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கிற்று, வண்டி சாய்ந்தது, அதைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைத்த நம்மையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தது. யந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சூடேறிய புகைக்குழாயின் கீழ் இடது காலை வைத்துக்கொண்டு, நூற்றறுபது கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தூக்கப் பார்த்தோம், அசையவில்லை. அரைமணி கழித்து அவ்வழியே வந்த ஒரு கட்டை வண்டிக்காரர் இறங்கி வந்து, ஒரு கையால் என்று சொல்லக்கூடிய அநாயாசத்துடன் அதை நிமிர்த்தி வைத்தார். பிறகு நம்மை ஏற இறங்கப் பார்த்து, "தூக்க முடியாத சாமானில் எதுக்கு சாமி ஏறுனீங்க?" என்று கேட்டார். கால் மூன்று மாதத்தில் ஆறிவிட்டது. கேள்விக்குத்தான் இன்னும் விடை சொன்னபாடில்லை.

அன்று மாலையே பிள்ளையாண்டானுடன் டெலிபோனில் பேசினோம். வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்ற திட ஸங்கல்பத்துடன்தான் ஆரம்பித்தோம் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

"எங்கே அப்பா போகப் போகிறாய்?"

"கடாரத்துக்கு, மாமா."

திருச்சிராப்பள்ளிக்காரர்களிடம் சோழர் பெயரைச் சொன்னால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரிதான். சோழர்களின் பழைய தலைநகரான உறையூர் இந்நகரத்துக்குள்ளேயே அல்லவா இருக்கிறது? கி.பி. 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழனுடைய கடற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைகள் மீது சென்றதும், அவன் கடாரங்கொண்டான் என்று பெயர் பெற்றதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். அந்தக் கடாரம் இன்றைய மலேசியாவின் வடமேற்கிலுள்ள கெடா மாநிலம் என்பது சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலோருடைய கொள்கை. அங்கே மெர்போக் என்னும் ஊருக்கு அருகில், பூஜாங் பள்ளத்தாக்கில், பழைய ஹிந்து பௌத்த ஆலயங்களின் அடித்தளங்களை வெட்டி எடுத்திருக்கிறார்கள். 'சண்டி' என்று அவற்றை அந்த நாட்டார் அழைக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து அவ்விடத்துக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல்.

"ராஜேந்திரன் கப்பலில் போனான், நான் சாலை வழியாகப் போகிறேன்" என்றான் பையன்.

அவ்வளவுதான், நம்முடைய ஸங்கல்பம் தளர்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லப் போன நாம், எந்த வண்டி என்று விசாரிக்கத் தொடங்கினோம்.

சாலையைப் பற்றி முதலில் சொல்லுகிறோம். சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவே கடலைத் தூர்த்துப் போட்ட பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, 1924-ல் திறக்கப்பட்டது. அதைத் தாண்டிவிட்டால், தாய்லாந்து எல்லை வரையில் நீளும் வடக்கு தெற்கு விரைவுச்சாலை ஆரம்பமாகிறது. 1994-ல் முழுமையான அந்தச் சாலையில் கார்களுக்கும் லாரிகளுக்கும் சுங்கம் உண்டு; மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். ஜோகூரிலிருந்து கோலாலம்பூர், ஏறக்குறைய நம் திருச்சியிலிருந்து சென்னை எவ்வளவோ அவ்வளவு தூரம். நம் தேசத்தைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கந்தான் செல்ல வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் இதுவே விதி.

இனி வண்டி. கடையில் போய் நமக்குப் பிடித்ததைக் காட்டிப் பணத்தைக் கொடுத்து வாங்குவது என்பது நம் ஊர் வழக்கம். பதினெட்டு வயது நிரம்பிக் கியர் வண்டி லைசென்ஸ் எடுத்துவிட்டால், 100 ஸி.ஸி. வண்டியையும் ஓட்டலாம், 1,000 ஸி.ஸி. வண்டியையும் ஓட்டலாம். இது சரியா என்று நமக்கு வெகு நாளாகச் சந்தேகம். சிங்கப்பூரில் மூன்று படிகள் இருக்கின்றன. 2பி என்னும் முதல் படியில் 200 ஸி.ஸி. வரையில்தான் ஓட்டலாம். ஒரு வருஷமாவது கழிந்து, மறுபடி பரீட்சை கொடுத்துத் தேறினால் 2ஏ. அதில் 400 ஸி.ஸி. வரை. இன்னும் ஒரு வருஷமும் இன்னொரு பரீட்சையும் கடந்தபின்தான் அதற்கு மேற்பட்டவை. நம் பையன் இரண்டாவது படியில் நின்றான்.

இதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அவன் மனத்தில் முதலாவதாக இருந்தது ஹிமாலயன் என்னும் வண்டி. நம் சென்னைக்கு அருகில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் செய்து, 2016-ல் வெளியிட்டது. மலைப் பாதைக்கும் நெடும் பிரயாணத்துக்கும் என்றே அமைத்தது. அதன் எஞ்சின் அப்பொழுது 411 ஸி.ஸி. சட்டம் அநுமதிப்பது 400. பதினோரு ஸி.ஸி.யினால் அந்த வண்டி கை நழுவிற்று! பதினோரு ஸி.ஸி. என்றால் எவ்வளவு என்று அந்த அம்மாள் கேட்டார். தாளிக்கிற கரண்டியில் பாதிகூட நிரம்பாது என்றோம். "அதற்காகவா அந்த ஊர்க்காரர்கள் மாட்டேன் என்கிறார்கள்? நல்ல ஊர்தான்!" என்று அவர் சிங்கப்பூரைப் பாராட்டினார். அவருக்கு முதல் முறையாக அந்த ஊரின் மீது நல்ல எண்ணம் பிறந்தது அப்பொழுதுதான் என்று நினைக்கிறோம்.

ஆனால் அந்த நல்லெண்ணம் நீடிக்கவில்லை. வாகன உரிமைச் சான்றிதழ் என்று ஒன்று குறுக்கே வந்தது.

சிங்கப்பூர் சின்னத் தீவு. வண்டிகள் பெருகினால் நிற்பதற்கு இடம் கிடையாது. ஆகையால் 1990 முதற்கொண்டு அந்த அரசாங்கத்தார் ஒரு முறையை அமல் செய்கிறார்கள். வண்டி வாங்க விரும்புகிறவன் முதலில் வண்டி வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். இந்த உரிமைக்குப் பத்து வருஷ ஆயுள். 2022-ல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் மாத்திரம் பன்னிரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டிற்று; அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் ஏழு லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்குத் திருச்சியில் மூன்று புல்லட் வாங்கி வாசலில் வரிசையாக நிறுத்தலாம். இதற்கு மேல் வண்டியின் விலை. விலைக்கு மேல் வரி. 2016 முதல் அந்த வரியும் படிக்கட்டாக ஏறுகிறது: மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு நூற்றுக்குப் பதினைந்து, அடுத்த 5,000-க்கு ஐம்பது, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் முழுசாக இன்னொரு வெள்ளி. ஆடம்பரமான பெரிய வண்டியை ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடச் சிறந்த உபதேசம் வேறு கிடையாது.

இந்தக் கணக்கையெல்லாம் நாம் சித்திரை வீதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் ரூபாய்க் கணக்கைக் கேட்டுப் பதறுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பதறவில்லை. வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து வருஷமா?"

"ஆமாம்."

"பத்து வருஷத்துக்குச் சீட்டு எடுக்கிறான் என்றால் பத்து வருஷம் அங்கேயே இருக்கப் போகிறான் என்றுதானே அர்த்தம்?"

அப்பொழுதுதான் நமக்கு விஷயம் விளங்கிற்று. காலைப் பற்றிய பேச்செல்லாம் வெளிக்கு. உள்ளே இருந்தது இதுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய விமானத்தில் நாலு மணி நேரம். சென்னைக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் வந்து போகிற பிள்ளை எப்பொழுது அடியோடு திரும்புவான் என்று அவர் ஆறு வருஷமாகக் கேட்காமலே இருந்திருக்கிறார். சிநேகிதர் திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

வெளி தேசத்தில் இருந்துகொண்டு வண்டி வாங்குகிறவர்கள் ஸி.ஸி.யைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் யோசிக்கிற அளவுக்கு இதைப் பற்றி யோசிப்பதில்லை. இன்னும் எத்தனை வருஷம் இந்த ஊரில் இருப்போம்? அதற்கு விடை தெரியாதவன் புது வண்டி வாங்கலாகாது என்பது நம் அபிப்பிராயம். சான்றிதழில் சில வருஷம் மிச்சமுள்ள பழைய வண்டியே அவனுக்கு ஏற்றது. மறுநாள் பையனிடம் இதைச் சொன்னோம்; அவனுடைய அம்மா கேட்டதையும் சொன்னோம். டெலிபோனில் சிறிது நேரம் சப்தமே இல்லை. பிறகு, "பழையதே பார்க்கிறேன், மாமா" என்றான்.

புல்லட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சித்திரை வீதி வீட்டின் கொல்லைப்புறத்தில் சாக்குப் போர்த்திய புல்லட் ஒன்று நிற்கிறது. நம் காலைப் பதம் பார்த்தது அதுதான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த இந்த வண்டி, 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டபின் திருவொற்றியூரில் குடியேறிற்று. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில வருஷங்களில் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி மூடிப் போயிற்று, திருவொற்றியூர் மூடவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பிறந்தகத்துக்குச் சீர் கொண்டு போன கதை இது. அந்நிய தேசத்துக் கடையில் நம் திருவொற்றியூர் வண்டி நிற்பதைப் பார்த்தால் தமிழனுக்கு மார்பு சற்று விம்மத்தான் செய்யும். பையனுக்கும் விம்மிற்று. 349 ஸி.ஸி.; சட்டமும் தடுக்காது.

இருந்தாலும் நாம் அதற்குச் சம்மதிக்கவில்லை. சுதேசிப் பற்று வேறு. எஞ்சினின் கணக்கு வேறு. புல்லட்டின் எஞ்சினுக்கு இருபது குதிரை சக்தி. எண்பதிலும் தொண்ணூறிலும் அது நாள் முழுதும் அலுக்காமல் ஓடும். நம் கொள்ளிடக் கரையோரச் சாலைகளில் அதைப் போல் ஸுகமான வாகனம் வேறில்லை. நூற்றுப் பத்தையும் எட்டிப் பிடிக்கும். ஆனால் எட்டிய பிறகு மூச்சு மிச்சமிராது. விரைவுச்சாலையில் பின்னால் ஒரு பெரிய லாரி நெருங்கும்போது விலகி முன்னேறுவதற்கு வேண்டியது அந்த மிச்ச மூச்சுதான். டாங்கியில் 13 லிட்டர் கொள்ளும். எடை 195 கிலோ.

எடை என்றதும் நமக்குக் கட்டை வண்டிக்காரர் ஞாபகம் வந்தது. நெடும் பிரயாணத்துக்கு வண்டி பொறுக்குகிறவர்கள் சாதாரணமாகப் பெரிது பெரிது என்று போகிறார்கள். படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்: இருநூற்றைம்பது கிலோ வண்டி, மூன்று அலுமினியப் பெட்டிகள். ஆனால் உலகத்தை உண்மையில் சுற்றியவர்களின் கதை வேறு. டெட் ஸைமன் என்னும் இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர் 1973-ல் லண்டனிலிருந்து கிளம்பி, நாலு வருஷத்தில் 45 தேசங்களைச் சுற்றினார். அவர் ஏறிச் சென்றது 500 ஸி.ஸி. டிரையம்ப். அந்தக் காலத்திலேயே 750 ஸி.ஸி. வண்டிகள் கிடைத்தன, அவர் அவற்றை நாடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? மலேசியாவில் 'கப்சாய்' என்று சொல்லும் நூறு, நூற்றிருபத்தைந்து ஸி.ஸி. குட்டி வண்டிகளில், முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, பெருநாளுக்கு முன்னூறு நானூறு கிலோமீட்டர் சொந்த ஊர் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

அதே மலேசியாவில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 1992 முதல் அங்கே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். நம் தேசத்தில் 2017 முதல் புது வண்டிகளில் விளக்கு தானாகவே எரியும்படி அமைக்க வேண்டும் என்று ஏற்பட்டது. எதிரே வருகிறவன் கண்ணில் படுவதற்கு இதைவிட எளிய உபாயம் இல்லை. இதை அந்த அம்மாளிடம் சொன்னபோது, "அப்படியானால் விளக்கு எரிகிறதா என்று தினம் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார்.

கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. இரண்டும் ஜப்பான் தேசத்தவை. ஒன்று ஹோண்டா ஸிபி400எக்ஸ்; 399 ஸி.ஸி., ஏறக்குறைய 196 கிலோ. மற்றொன்று காவஸாகி வெர்ஸிஸ் எக்ஸ் 300, 296 ஸி.ஸி., சுமார் 175 கிலோ, 17 லிட்டர் டாங்கி. இரண்டிலும் இரட்டைச் சிலிண்டர்; ஆகையால் அதிர்ச்சி குறைவு. ஹோண்டா வேகத்தில் உயர்த்தி. விரைவுச்சாலைக்கு அதுவே மேல் என்று பையனின் நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாமும் ஒரு வாரம் அப்படியே நினைத்தோம்.

விஷயத்தைத் தீர்த்து வைத்தவர் அந்த அம்மாள். இருபது கிலோ வித்தியாசம் என்று நாம் சொன்னதும், "இருபது கிலோ என்றால் பெரிய அரிசிச் சிப்பம் ஒன்று. அவனால் எதைத் தூக்க முடியும் என்று கீழே தள்ளித் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றார். நாற்பது வருஷத்துக்கு முந்திய கேள்வி மறுபடியும் கேட்ட மாதிரி இருந்தது.

பையன் ஐந்தடி ஐந்தங்குலம், மெலிந்த தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த இரு வகை வண்டிகளையும் வைத்திருந்த சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு புல்தரை ஒன்றைத் தேடிப் போனான். பழைய மெத்தையை விரித்து, அதன் மேல் வண்டியைச் சாய்த்தார்கள். பரீட்சை நடந்தது. நேயர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கலாம் என்பதால் முறையைச் சொல்லுகிறோம். குனிந்து கையால் தூக்கப் பார்ப்பது தவறு. நாம் 1984-ல் செய்தது அதுதான். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைக் கியரில் போட வேண்டும். நிமிரும் பக்கத்தில் தாங்கு கம்பி இருந்தால் அதை முன்னதாகவே நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மறுபுறம் விழும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, ஆசனத்தில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பற்றி, முழங்காலை மடித்து உட்கார்ந்த நிலையிலிருந்து சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். தூக்குவது கால்கள், முதுகல்ல.

ஹோண்டா இரண்டு தடவை அசையவில்லை. மூன்றாம் தடவை நிமிர்ந்தது. பெட்டியும் துணிமணியும் கட்டிய பிறகு நிமிராது என்று பையனே ஒப்புக்கொண்டான். காவஸாகி முதல் தடவையிலேயே எழுந்துவிட்டது. படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அந்த அம்மாள் அதை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பாடு போதவில்லை, தெரிகிறது" என்றார்.

2018-ல் பதிவான ஒரு பழைய காவஸாகி அந்த ஐப்பசியில் கிடைத்தது. சான்றிதழில் ஐந்து வருஷம் மிச்சம், 2028 வரையில். அந்த அம்மாள் முடிவுத் தேதியைக் கேட்டு, வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அதற்குள் வந்துவிடுகிறேன் என்று பையன் வாக்குக் கொடுக்கவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தவணை முடிந்ததும் பணத்தைக் கட்டிச் சான்றிதழை இன்னும் ஐந்து வருஷமோ பத்து வருஷமோ புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது என்பதை நாம் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர், இப்பொழுது தெரிந்துகொள்ளட்டும்.

"அதிலேயே ஏறிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட முடியாதா?" என்று ஒரு நாள் கேட்டார். கேள்வி அசட்டுத்தனமானதல்ல. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் 1955-ல் லண்டனிலிருந்து இரண்டு லாண்டு ரோவர் வண்டிகளில் கிளம்பி, இந்தியா, பர்மா வழியாக 1956-ல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் போன வழியில் இவன் வரக்கூடாதா? நடுவே பர்மா இருக்கிறது. அங்கே 2021 பிப்ரவரியில் இராணுவத்தார் ஆட்சியைப் பிடித்துக்கொண்ட பிறகு மூண்ட உள்நாட்டுப் போரில், அந்தத் தரைமார்க்கத்தை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்ப முடியாது. கப்பலில் ஏற்றிக்கொண்டு வரலாம். அதற்குக் 'கார்னே' என்னும் சுங்கப் புத்தகம் வேண்டும். மோட்டார் சங்கத்தில் ஜாமீன் கட்டிப் பெறுவது; இந்த வண்டியைத் திரும்பக் கொண்டு போய்விடுவேன், விற்கமாட்டேன் என்பதற்கு அது உறுதி. திரும்பிப் போகிற வண்டியில் என்ன பிரயோஜனம் என்று அந்த அம்மாள் அந்த யோசனையைத் தள்ளிவிட்டார்.

இன்ஷூரன்ஸையும் ஒரு முறை வாசிக்கச் சொன்னோம். சிங்கப்பூர்ப் பத்திரங்கள் பெரும்பாலும் மேற்கு மலேசியாவுக்கும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் செல்லும். அதற்கு அப்பால் செல்லாது. ஹட்யாய் நகரம் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது, பாங்காக் இல்லை. எண்பத்தோராவது கிலோமீட்டரில் விழுகிறவனுக்கு ஸஹாயம் செய்ய ஆளில்லை.

2024 மாசி மாதம், கெடாவில் மழை ஓய்ந்திருக்கும் காலமாகப் பார்த்து, பையன் புறப்பட்டான். முதல் நாள் இரவு நாம் சித்திரை வீதியில் இருந்தோம். ஆறு மாத காலம் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாதிருந்த சிநேகிதர், டெலிபோனை மனைவியின் கையிலிருந்து வாங்கி, "கிளட்சுக் கம்பி ஒன்று உபரியாக எடுத்துக்கொள். சங்கிலிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் போடு. மழை பெய்தால் நில்லு" என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை கொல்லைப்புறத்துச் சாக்கு விலகியிருந்ததையும், புல்லட்டின் டாங்கி துடைத்திருந்ததையும் நாம் கவனித்தோம்.

மழை பெய்யத்தான் செய்தது. கோலாலம்பூரைத் தாண்டித் தாப்பாவுக்கு அருகில் வானம் பிளந்துகொண்டதாம். மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்குவதற்கென்றே அந்தச் சாலையில் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே கப்சாய்க்காரர்கள் பத்துப் பேர் முன்னமே நின்றார்களாம். அவர்களில் ஒருவர் இவனுடைய வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டார். தொகையைக் கேட்டதும், தன்னுடைய வண்டியைப் போல் எத்தனை வாங்கலாம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் மழை நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் நடுப்பகலுக்குப் படம் வந்தது. மெர்போக்கில், பச்சை மலைச்சரிவில், 1960-ஐ ஒட்டிக் கல்லெடுத்துக் கட்டிப் புனரமைத்த புக்கிட் பத்து பாஹாட் சண்டி. அதற்குப் போகும் வழியில், சேறு தெளித்த வண்டி, பக்கத்தில் பையன். நாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தக் கல் அடித்தளத்தை ஆசையோடு பார்த்து, கடாரத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினோம். அந்த அம்மாள் டெலிபோனை நம் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டு போய், வண்டியின் முன்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"விளக்கு எரிகிறதா, பாருங்கள்" என்றார்.

எரிந்துகொண்டிருந்தது.